எரிந்த கற்களும் புதிய கற்களும்: ட்ரெஸ்டன் அன்னை ஆலய மறுநிர்மாணம்

பாபிலோனியச் சிறையிருப்பினின்று மீண்டு வந்தோர் இரண்டாம் ஆலயத்துக்கு அஸ்திபாரமிட்ட நாளைக் குறித்து எஸ்றாவின் ஆகமம் தரும் செய்தி நாம் யாவரும் அறிந்ததே. முந்தின ஆலயத்தைக் கண்ணாரக் கண்டிருந்த முதியோர் வாய்விட்டு அழுதனர். இளையோர் மகிழ்ச்சிப் பேரொலி எழுப்பினர். எது அழுகை, எது மகிழ்ச்சி என்று பிரித்தறிய எவராலும் இயலவில்லை (எஸ்றா 3:12-13). இப்பகுதியைப் பிரசங்கிப்போர் பெரும்பாலும் இளையோரின் பக்கமே நின்றுகொண்டு, முதியோரின் கண்ணீரை விசுவாசக் குறைவு எனச் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். அது சரியன்று என்பது என் எண்ணம். அழிந்துபோன ஒன்றைத் திரும்ப எழுப்பும் எந்த முயற்சியிலும் இவ்விரு குரல்களும் எழவே செய்யும். ஒன்று மற்றதை முற்றிலும் அடக்கிவிடுமாயின், கட்டடம் எவ்வளவு அழகாக அமையினும் அதனுள் ஒரு பொய் குடிபுகுந்துவிடும்.

இவ்வுண்மையை நம் காலத்திலேயே சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு ஒரு சபைக்குக் கிடைத்தது. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத் தலைநகராகிய ட்ரெஸ்டனில் 1945 இல் இடிந்து வீழ்ந்த லுத்தரன் ஆலயம், அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2005 அக்டோபர் 30 அன்று மீண்டும் பிரதிஷ்டை செய்யப்பட்டது. தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு அந்நகரம் அந்நியமானதன்று. சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸ் அந்நகருக்கு வடகிழக்கே அருகிலுள்ள சிற்றூர். பின்னாளில் தரங்கம்பாடிப் பணியை ஏற்றுத் தொடர்ந்த லைப்சிக் மிஷன், 1836 இல் ட்ரெஸ்டனில் தோன்றிய மிஷன் சங்கமேயாம். 1848 இல்தான் அது லைப்சிக்குக்கு இடம்பெயர்ந்தது.

ஆலயத்தின் பெயர் 'ஃபிரௌவன்கிர்ஷே'. அன்னையின் ஆலயம் என்பது பொருள். சீர்திருத்தத்துக்கு முன் அதே இடத்தில் இருந்த சிற்றாலயம் கன்னி மரியாளின் பெயரைத் தாங்கியிருந்தது. சீர்திருத்தச் சபையினர் அப்பெயரை மாற்றவில்லை. 1726 இல் தொடங்கி 1743 இல் முடிவுற்ற பெரிய ஆலயத்தைத் திட்டமிட்டவர் கியோர்க் பேர் என்பவர். அவர் தச்சராகத் தொழில் தொடங்கி நகரத்தின் தலைமைத் தச்சராக உயர்ந்தவர்; கட்டட வேலை முடிவுறுமுன்னரே 1738 இல் காலமானார். குவிமாடத்தை மரச்சட்டத்தின்மேல் செம்புத் தகடு போர்த்து அமைப்பதே அக்காலத்தில் எளிய வழி. அவரோ முழுவதும் மணற்கல்லினாலேயே எழுப்பத் துணிந்தார். பன்னிரண்டாயிரம் டன் எடையுள்ளதாகக் கணக்கிடப்படும் அக்கற்குவியல் எட்டு ஒல்லியான தூண்களின்மேல் நின்றது. ட்ரெஸ்டன் மக்கள் அதைக் 'கல்மணி' என்று அழைத்தனர். 1760 இல் பிரஷ்யப் படையினர் நகரை முற்றுகையிட்டுச் சுட்டபோது, பீரங்கிக் குண்டுகள் அக்கல்மணியைத் தகர்க்க முடியவில்லை. உள்ளே பிரசங்க பீடமும், ஞானஸ்நானத் தொட்டியும், திருப்பீடமும், அவற்றுக்கு மேலே ஆர்கனும் ஒரே பார்வையில் சபைக்குத் தெரியுமாறு அமைந்திருந்தன. வசனமும், திருவருட்சாதனமும், பாடலும் ஒன்றுகூடும் லுத்தரன் ஆராதனை முறை அங்கே கல்லில் வடிவம் பெற்றிருந்தது எனலாம். காட்ஃபிரீட் சில்பர்மன் செய்த அந்த ஆர்கனை 1736 டிசம்பர் 1 அன்று யோகான் செபாஸ்தியான் பாக் வாசித்தார்.

1945 பிப்ரவரி 13 இரவும் மறுநாளும் ஆங்கிலேய, அமெரிக்க விமானங்கள் ட்ரெஸ்டனைக் குண்டுவீசி எரித்தன. பழைய நகரம் முழுவதும் தீக்கிரையாயிற்று. ஆலயத்தின் நிலவறையில் அடைக்கலம் புகுந்திருந்த சுமார் முந்நூறு பேர் உயிர்தப்பி வெளியேறினர். குவிமாடம் அன்று விழவில்லை. உள்ளே பற்றிய நெருப்பின் வெப்பத்தில் தூண்களின் கல் வெடித்துச் சிதைந்துகொண்டேயிருந்தது. பிப்ரவரி 15 காலை பத்து மணியளவில் தூண்கள் தளர, கல்மணி முழுவதும் சரிந்தது.

இறந்தோர் எத்தனை பேர்? நாத்சிப் பிரசாரத் துறையினர் உண்மைக் கணக்கைப் பன்மடங்கு பெருக்கி உலகெங்கும் பரப்பினர். போருக்குப் பின்னும் பலர் ஆராயாமல் அந்த எண்களையே எடுத்தாண்டனர். நகராட்சி அமர்த்திய வரலாற்றறிஞர் குழு 2010 இல் அளித்த முடிவின்படி, இறந்தோர் அதிகபட்சம் 25,000 பேர். அதுவே பேரழிவுதான். ஆயினும் துக்கத்தை மிகைப்படுத்துவோருக்கு ஓர் உள்நோக்கம் இருந்தது. தம் இனத்தவர் செய்த குற்றத்தை எதிர்த்தட்டில் வைத்து நிறுத்திச் சமப்படுத்துவதே அது. அதே பிப்ரவரி 13 ஆம் நாள் பகலில், ட்ரெஸ்டனில் எஞ்சியிருந்த யூதர்களுக்கு நாடுகடத்தல் உத்தரவுகள் வீடுவீடாக வழங்கப்பட்டன. அவற்றைக் கொண்டுசேர்க்கும் பணியில் யூத குலத்தில் பிறந்த மொழியியல் அறிஞர் விக்டர் கிளெம்பரரும் ஈடுபடுத்தப்பட்டார். அன்றிரவு விழுந்த குண்டுகள் ஏற்படுத்திய குழப்பத்தில் அவர் தம் உடையிலிருந்த மஞ்சள் நட்சத்திரத்தை நீக்கிவிட்டுத் தப்பினார். நகரத்தை அழித்த இரவே அவரைக் காத்த இரவுமாயிற்று. ட்ரெஸ்டனைப் பற்றி எழுதுவோர் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துவது வரலாறாகாது.

ஆலயமும் குற்றமற்றதாய் நின்ற சாட்சியன்று. 1933 இல் சாக்சனியின் பேராயர் பதவிக்கு வந்த ஃபிரீட்ரிக் கோக், நாத்சிக் கொள்கையைத் திருச்சபைக்குள் புகுத்திய 'ஜெர்மன் கிறிஸ்தவர்' இயக்கத்தைச் சேர்ந்தவர். அவர் காலத்தில் இவ்வாலயம் பேராலயம் எனும் பட்டம் பெற்று அவ்வியக்கத்தின் விழாமேடையாயிற்று. அதே ஆலயத்தின் பிரசங்கியும் கண்காணிப்புக் குருவுமான ஹூகோ ஹான், சாக்சனியில் அறிக்கைச் சபையின் தலைவராக நின்று எதிர்த்தார். 1938 இல் அம்மாநிலத்தினின்றே வெளியேற்றப்பட்டார். போருக்குப் பின் 1947 இல் அவரே பேராயராகத் திரும்பினார். ஒரே பிரசங்க பீடத்தைச் சுற்றி இரு சபைகள் போரிட்டன. அப்பீடத்தை மறுபடி கட்டுவோர் எச்சபையின் பீடத்தைக் கட்டுகின்றனர் என்பது வீண் கேள்வியன்று.

நாற்பத்தைந்து ஆண்டுகள் அங்கே இரு சுவர்த் துண்டங்களும் அவற்றிடையே ஒரு கற்குன்றும் மட்டுமே இருந்தன. கிழக்கு ஜெர்மனியின் பொதுவுடைமை அரசு பல ஆலயங்களை இடித்து அகற்றிற்று. அதே நகரின் சோபியா ஆலயம் 1960களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. சேதமின்றி நின்ற லைப்சிக் பல்கலைக்கழக ஆலயத்தை 1968 மே 30 அன்று வெடிவைத்துத் தகர்த்தனர். அன்னை ஆலயத்தின் இடிபாடோ 1966 இல் போர் எதிர்ப்பு நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. மேற்கு நாடுகளின் கொடுமைக்குச் சான்றாக அதைக் காட்டலாம் என அரசு எண்ணிற்று. ஆனால் கற்குன்று அரசு சொல்லிக்கொடுத்ததை மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. 1982 பிப்ரவரி 13 அன்று இளைஞர் பலர் மெழுகுவர்த்தி ஏந்தி அங்கே கூடினர். சிலுவை ஆலயத்தில் சபையார் நடத்திய சமாதானக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். வாள்களை மண்வெட்டிகளாக அடிக்கும் தீர்க்கதரிசனத்தை அவ்விளைஞர் தம் சொந்த அரசின் படைக்கலங்களுக்கும் பொருத்தினர். 1989 இன் அமைதிப் புரட்சிக்கு வழி திறந்த நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

எதிர்த்தோர் கூறிய நியாயம்

பெர்லின் சுவர் வீழ்ந்த சில மாதங்களில், 1990 பிப்ரவரியில், எக்காளக் கலைஞர் லூட்விக் குட்லர் முதலிய நகரத்தார் சிலர் 'ட்ரெஸ்டனிலிருந்து ஓர் அழைப்பு' என்ற அறிக்கையை வெளியிட்டு, ஆலயத்தை மீண்டும் கட்ட உலகத்தின் உதவியைக் கோரினர். முதலில் தயங்கியது அரசன்று, திருச்சபையே. பேராயர் யோகானஸ் ஹெம்பலும் அவரோடு உடன்பட்ட பலரும் இதை விரும்பவில்லை. இக்காலத்து நூல்கள் இத்தயக்கத்தை ஓரிரு வரிகளில் முடித்து வெற்றிக்கதைக்கு விரைகின்றன. இறையியல் மாணவர் இங்கேதான் சற்று நிற்கவேண்டும்.

எதிர்த்தோரின் நியாயங்கள் அற்பமானவையல்ல. முதலாவது, இடிபாடே ஒரு பிரசங்கம் செய்துகொண்டிருந்தது. அதைக் கலைத்து அழகிய மாடம் எழுப்பினால் அப்பிரசங்கம் ஓய்ந்துவிடும். போரே நடவாததுபோன்ற தோற்றம் நகரத்தில் உண்டாகும். இரண்டாவது, நாற்பது ஆண்டுகள் பொதுவுடைமை ஆட்சியில் சபை மிகவும் குறைந்து சிறுத்துவிட்டது. கிராமத்து ஆலயங்களின் கூரைகள் ஒழுகிக்கொண்டிருக்கையில் வழிபட ஆளில்லாத ஒரு மாபெரும் ஆலயம் எதற்கு? மூன்றாவது காரணம் வெளிப்படையாக அதிகம் பேசப்படவில்லை. ஆயினும் அதுவே கூர்மையானது. மனந்திரும்புதலுக்குரிய காயத்தை நாமே மூடிவிட நமக்கு அதிகாரம் உண்டா? சமாதானமில்லாதிருக்கச் சமாதானம் என்று கூறியோரை எரேமியா கடிந்துகொண்டது அவர்கள் நினைவில் இருந்திருக்க வேண்டும்.

நீண்ட விவாதத்துக்குப் பின் 1991 மார்ச்சில் சாக்சனித் திருச்சபையின் பேரவை மறுநிர்மாணத்துக்கு இசைந்தது. அந்த இசைவு எளிதில் கிட்டியதன்று என்பதே பின்னர் நடந்த வேலைக்கு நன்மையாயிற்று என நான் கருதுகிறேன். எதிர்ப்பே இல்லாதிருந்தால், பழைய கற்களை லாரிகளில் ஏற்றிக் கொட்டிவிட்டுப் பளபளப்பான ஒரு நகலை மும்மடங்கு விரைவில் எழுப்பியிருப்பர்.

கற்களை எண்ணிய பதினேழு மாதங்கள்

1993 சனவரியில் குன்றைக் கலைக்கத் தொடங்கினர். ஏறத்தாழ 22,000 கன மீட்டர் இடிபாட்டைத் தொல்லியல் அகழாய்வு செய்வதுபோல் அடுக்கடுக்காகப் பிரித்தனர். ஒவ்வொரு முகப்புக் கல்லும் அளக்கப்பட்டு, படமெடுக்கப்பட்டு, எண்ணிடப்பட்டு, ஆலயத்தை அடுத்த சதுக்கத்தில் இரும்புத் தட்டுகளில் அடுக்கப்பட்டது. ஒரு கல் எவ்விடத்தில் வீழ்ந்து கிடந்தது என்பதைக்கொண்டு அது எவ்வுயரத்திலிருந்து வீழ்ந்திருக்கும் எனக் கணினியின் துணையோடு கணித்தனர். எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கற்கள் இன்ன இடத்துக்குரியவை என்றோ, திரும்பப் பயன்படுபவை என்றோ கண்டறியப்பட்டன. அவற்றுள் 3,500க்கு மேற்பட்டவை பழைய இடத்திலேயே மீண்டும் பதிக்கப்பட்டன. சன்பல்லாத்து ஏளனமாகக் கேட்ட கேள்வியை (நெகேமியா 4:2) இவர்கள் வேலைத்திட்டமாகவே மாற்றிக்கொண்டார்கள் எனத் தோன்றுகிறது.

1994 மே 27 இல் மூலைக்கல் நாட்டப்பட்டது. தலைமைப் பொறியாளர் எபர்ஹார்ட் பூர்கர். கியோர்க் பேரின் வரைபடங்களும், பிற்காலப் பழுதுபார்ப்புகளின்போது எடுக்கப்பட்ட அளவுகளும் கிடைத்தன. ஆயினும் பல நுணுக்கங்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. முகப்பின் ஓக்மரக் கதவுகளில் செதுக்கப்பட்டிருந்த வேலைப்பாடு எத்தகையது? அதற்கு விடை மக்களின் வீடுகளில் இருந்தது. திருமணம் முடிந்து வெளியே வந்த தம்பதியர் அக்கதவுகளுக்கு முன் நின்று படமெடுத்துக்கொள்வது வழக்கம். அப்பழைய திருமணப் புகைப்படங்களையும், முன்னர் அங்கே ஊழியம் செய்தோரின் நினைவுகளையும் கொண்டே கதவுகள் செய்யப்பட்டன. அழிந்த பொருளின் வடிவம் ஆவணச் சாலைகளில் மட்டுமன்று, சபை மக்களின் பெட்டிகளிலும் சுவர்களிலும் தங்கியிருக்கிறது என்பதை நம் சபைகளில் பழைய பதிவேடுகளையும் படங்களையும் கரையானுக்கு விட்டுவைப்போர் கவனிப்பார்களாக.

எதைப் பழையபடியே செய்வது, எதைக் காலத்துக்கேற்ப மாற்றுவது என்ற வழக்கு ஆர்கன் விஷயத்தில் முற்றிற்று. சில்பர்மன் செய்ததை அச்சாகத் திரும்பச் செய்யவேண்டும் என்றனர் ஒரு சாரார். பிற்கால இசையையும் வாசிக்கத்தக்க கருவி வேண்டும் என்றனர் மறுசாரார். முடிவில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து டானியேல் கெர்ன், சில்பர்மனின் குழல் வரிசைகளைப் பின்பற்றி, அவற்றோடு வேறு வரிசைகளையும் சேர்த்து ஒரு கருவியைச் செய்தளித்தார். வல்லுநர் பலருக்கு இது இன்னும் மனநிறைவளிக்கவில்லை. பழைய கருவி முற்றிலும் அழிந்துவிட்டபடியால், எதைச் செய்தாலும் அது புதிய கருவியாகவே இருக்கும் என்பதை ஒப்புக்கொண்ட நேர்மையாவது இம்முடிவில் உண்டு.

திருப்பீடத்தின் கதை வேறு. ஆர்கனின் சிதைவுகள் மேலே விழுந்து மூடிக்கொண்டதால், ஒலிவமலையில் ஜெபிக்கும் கிறிஸ்துவைக் காட்டும் அப்பீடத்தின் பெரும்பகுதி இடிபாட்டுக்கடியில் தப்பியிருந்தது. சுமார் இரண்டாயிரம் துண்டுகளை ஒன்றுசேர்த்து அதை நிறுத்தினர். உடைந்த இடங்கள் பல மழுப்பப்படாமல் விடப்பட்டன. மற்றபடி ஆலயத்தின் உட்புறம் இளமஞ்சளும் இளஞ்சிவப்பும் பொன்னுமாய் ஒளிர்கிறது. அது சற்று மிகையான இனிமை என்று சொல்வோரோடு நானும் உடன்படுகிறேன். அந்த இனிமையின் நடுவே காயமுற்ற பீடம் இல்லாதிருந்தால், எதிர்த்தோரின் அச்சம் மெய்யாகியிருக்கும்.

மொத்தச் செலவு ஏறத்தாழ 18 கோடி யூரோ. அதில் 10 கோடிக்கு மேற்பட்டது உலகெங்குமிருந்து வந்த நன்கொடை. 1999 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற குண்டர் பிளோபல், சிறுவனாக அகதியாய் வந்த நாள்களில், அழிவுக்குச் சற்று முன் அக்குவிமாடத்தைக் கண்டவர். தம் பரிசுத் தொகையின் பெரும்பகுதியை அவர் ட்ரெஸ்டனுக்கு வழங்கினார். அதை இவ்வாலயத்துக்கு மட்டும் தராமல், அந்நகரத்தில் கட்டப்படவிருந்த யூத ஜெப ஆலயத்துக்கும் பகிர்ந்தளித்தார்.

திரும்பக் கட்டப்படாத ஆலயம்

அந்த ஜெப ஆலயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் காட்ஃபிரீட் செம்பர் அமைத்து 1840 இல் திறக்கப்பட்ட ஜெப ஆலயம், 1938 நவம்பர் 9 இரவு நாத்சிக் கும்பலால் எரிக்கப்பட்டது. வானிலிருந்து பகைவர் எறிந்த குண்டினால் அன்று. அண்டை வீட்டார் மூட்டிய நெருப்பினால். தீயணைப்பு வீரர் அல்ஃபிரெட் நொய்கேபவர் என்பவர் அதன் உச்சியிலிருந்த தாவீதின் நட்சத்திரத்தை எடுத்து மறைத்து வைத்துப் போருக்குப் பின் யூத சபையாரிடம் ஒப்படைத்தார். 2001 நவம்பர் 9 இல் புதிய ஜெப ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. அது செம்பரின் கட்டடத்தின் நகலன்று. சன்னல்களற்ற ஒரு கனசதுரம். அதன் கல்வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறிது சிறிதாகத் திரும்பிக் கீழ்த்திசையை நோக்குகின்றன. பழையதினின்று அங்கே வந்து சேர்ந்தவற்றுள் முதன்மையானது அந்த நட்சத்திரமே.

இவ்விரு கட்டடங்களும் ஒரே நகரத்தில், ஒரே பத்தாண்டில் எழுந்தன. ஒன்று பழைய உருவத்தை அப்படியே மீட்டது. மற்றது பழைய உருவத்தை வேண்டாமென்றது. முரண்பாடாகத் தோன்றினும் இரண்டும் சரியே. அன்னை ஆலயத்தில் கட்டடம் அழிந்தது, சபை எஞ்சியது. ஜெப ஆலயத்திலோ சபையே அழிக்கப்பட்டது. செம்பரின் மாடத்தை மறுபடி எழுப்பினாலும் அதனுள் 1933 இல் வழிபட்டோர் வந்து அமரப்போவதில்லை. மறுநிர்மாணத்தின் மதிப்பு கல்லையும் வரைபடத்தையும் மட்டும் பொறுத்ததன்று. யார் எஞ்சியிருக்கிறார், யார் கட்டுகிறார் என்பதையும் பொறுத்தது. பாரிஸ் நகரத்து நோத்ர்தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 இல் எரிந்து 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டபோது இத்தகைய வினா எழவில்லை. அங்கே எரிந்தது கூரை; மனச்சாட்சியன்று.

ஆங்கிலேயர் வேறு வழியைத் தெரிந்துகொண்டிருந்தனர். ஜெர்மன் விமானங்கள் 1940 நவம்பர் 14 இரவு எரித்த கோவென்ட்ரி பேராலயத்தின் சுவர்களை அவர்கள் இடிபாடாகவே காத்து, அருகில் பேசில் ஸ்பென்ஸ் வரைந்த புதிய பேராலயத்தை 1962 இல் பிரதிஷ்டை செய்தனர். பேராலயத் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹவர்ட், எரிந்த பீடத்தின் பின்புறம் மன்னிப்பு வேண்டும் இரு சொற்களைப் பொறிக்கச் செய்தார். யாரை மன்னிக்கவேண்டும் என்று அதில் குறிக்கவில்லை. குறித்திருந்தால் தம் பக்கத்தார் அதினின்று விலகிக்கொள்வர் என்பதை அவர் அறிந்திருந்தார். பழைய கூரையின் ஆணிகளால் செய்யப்பட்ட சிலுவை அச்சபையின் அடையாளமாயிற்று. 1965 இல் கோவென்ட்ரியிலிருந்து சென்ற இளைஞர், குண்டுவீச்சில் சிதைந்த ட்ரெஸ்டன் தீக்கனசுகள் மருத்துவமனையைச் சீர்செய்ய உழைத்தனர். அன்னை ஆலயத்தைத் திரும்பக் கட்டும் பேச்சே எழாத காலம் அது. இவ்வுழைப்பு முன்னே சென்றிராவிடில், பின்னர் வந்த மாடம் அவ்வளவு எளிதில் இரு நாட்டாருக்கும் பொதுவாகியிராது.

குவிமாடத்தின் உச்சியிலுள்ள பொன்முலாம் பூசிய உருண்டையும் சிலுவையும் ஆங்கிலேய மக்களின் நன்கொடையினால் இலண்டனில் செய்யப்பட்டவை. அவ்வேலையில் முதன்மையாக ஈடுபட்ட பொற்கொல்லர் ஆலன் ஸ்மித்தின் தந்தை, 1945 பிப்ரவரியில் ட்ரெஸ்டன்மேல் பறந்த விமானிகளுள் ஒருவர். 2004 சூன் 22 அன்று அச்சிலுவை தன் இடத்தில் ஏற்றப்பட்டது. பழைய சிலுவை 1993 இல் இடிபாட்டின் நடுவே வளைந்து கருகிய நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அதை நிமிர்த்தவில்லை, வளைந்தபடியே ஆலயத்தின் உள்ளே நிறுத்தியுள்ளனர்.

வெளியே, வெளிறிய புதிய மணற்கல் சுவரில் பழைய கற்கள் கருநிறப் புள்ளிகளாய்ச் சிதறித் தெரிகின்றன. எஞ்சி நின்ற சுவர்த் துண்டங்கள் பெருங்கறையாய் நிற்கின்றன. பார்வையாளர் பலர் இக்கருமையைத் தீயின் அடையாளமென எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது எல்பே ஆற்றங்கரை மணற்கல் காற்றிலும் மழையிலும் நின்று இயல்பாக அடையும் நிறமே. ஆகையால் புதிய கற்களும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கறுத்துவருகின்றன. எது எரிந்த கல், எது புதிய கல் எனக் கண்ணால் பிரித்தறிய இயலாத நாள் வரும். அதற்குள் 1945 ஐக் கண்டோர் எவரும் இரார். இப்போதைக்கு, வெள்ளிக்கிழமை நண்பகலில் அங்கே கோவென்ட்ரியின் ஒப்புரவாக்குதல் மன்றாட்டு வாசிக்கப்படுகிறது. ஆணிச் சிலுவை ஒன்று திருப்பீடத்தின்மேல் இருக்கிறது.